மகிழ்ச்சி யாருக்கு?

பள்ளி ஆண்டுவிழாவுக்கான நிகழ்ச்சிப் பட்டியல் எழுதப்பட்டுக்கொண்டிருந்த மாலை அது. வீணை உண்டு, பரதம் உண்டு, திரைப்பாட்டுக்கு ஆடும் ஆட்டம் நான்கு உண்டு. "பறை ஒன்றும் சேர்த்துக்கொள்வோமே" என்றோம் நாம். அறையில் பேச்சு நின்றது. மூத்த ஆசிரியர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, நாம் அச்சடிக்கப்போவது விழா அழைப்பிதழா, கருமாதிப் பத்திரிகையா?" என்று கேட்டார். அறை சிரித்தது. கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர்கள் நிறைந்த அறை!

அந்தச் சிரிப்பு நம்மைச் சுடவில்லை. அதை எதிர்பார்த்தே சென்றோம். சுட்டது மறுநாள் வந்த சொல். எந்த மாணவனை மனத்தில் வைத்துக்கொண்டு நாம் பறை கேட்டோமோ, அவனுடைய தந்தை பள்ளி வாசலில் நின்றார். அவர் பையன் வகுப்புப் பலகையில் விரலால் தட்டும் தாளத்தைக் கேட்டுக் கேட்டு நாம் பாடத்தை மறந்த நாள்கள் உண்டு. தந்தை மகிழ்வார் என்று எண்ணினோம். அவர் சொன்னார்: "வேணாங்க சார். எங்கப்பா சாவுக்குச் சாவு அடிச்சாரு. நான் அடிக்க மாட்டேன்னு சொல்லி அடி வாங்கினேன். இப்ப எம் புள்ள கையில அதையே கொண்டாந்து குடுக்கச் சொல்றீங்களே, சார்!"

விடை இல்லை நம்மிடம். இழிவென்று சிரித்தவருக்குச் சொல்ல ஆயிரம் விடை உண்டு. இழிவைச் சுமந்து, இறக்கி வைத்து, நிமிர்ந்து நிற்பவருக்குச் சொல்ல ஒன்றுகூட இல்லை. தலை குனிந்து வீடு திரும்பினோம். அன்றிரவு, நாம் பலமுறை கேட்டுப் பாராட்டிய ஓர் இசைத்தொகுப்பை மீண்டும் கேட்டோம், இம்முறை அந்தத் தந்தையின் காதுகொண்டு. அப்படிக் கேட்டதன் விளைவே இக்கட்டுரை.

தொகுப்பின் பெயர் 'மகிழ்ச்சி'. தந்த குழுவின் பெயர் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்சும் கைகோத்து 2017இல் உருவாக்கிய குழு அது. பத்தொன்பது பேர். கானா பாடுவோர், ராப் சொல்வோர், பறை, சட்டி, கட்டமோளம் அடிப்போர், கிடாரும் டிரம்சும் இசைப்போர் என்று ஒரு கூட்டம். 2018 சனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளித் திடலில் முதல் மேடை. திரண்டவர் பல்லாயிரவர். அதே ஆண்டில் வந்தது இம்முதல் தொகுப்பு.

பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் (1845-1914) ஆளித்தந்த சொல் 'சாதிபேதமற்ற தமிழர்'. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' ஏட்டைத் தொடங்கிய அந்தப் பேரறிஞர், தாழ்த்தப்பட்டோர்க்குப் புதிய சாதிப் பெயர் ஒன்றைத் தேடித் தரவில்லை. "சாதியே இல்லாதவர்கள் நாங்கள்; சாதி உங்களுடையது; அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்ற பொருளில் ஒரு பெயரைத் தந்தார். நூறாண்டு கழித்து அந்தப் பெயரைத் தாங்கி ஒரு கிடார் குழு மேடையேறியது. விந்தையான செய்திதான், ஆனால் வரலாறு இப்படித்தான் வேலை செய்கிறது. ஏட்டில் விதைத்தது பாட்டில் முளைக்கிறது.

இக்குழுவை 'இண்டி' இசைக்குழு என்று ஏடுகள் எழுதின. இளைஞர் நாவிலும் இன்று அச்சொல் தாராளமாகப் புழங்குகிறது. கிழிந்த காற்சட்டையும் கலைந்த தலையும் இருந்தால் இண்டி என்று எண்ணுவோரும் உளர். சொல் பிறந்த இடத்தைப் பார்ப்போம். தனித்து நிற்றல் என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம் அது. 1977இல் மான்செஸ்டர் நகரத்து பஸ்காக்ஸ் குழுவினர், பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் கதவைத் தட்டிக் காத்துக் கிடக்காமல், கடன் வாங்கித் தம் இசைத்தட்டைத் தாமே வெளியிட்டனர். அத்தகைய முயற்சிகளிலிருந்து சிறு நிறுவனங்கள் பெருகின. அவற்றிலிருந்து ஒரு மரபே கிளைத்தது.

அம்மரபில் வந்தோர் ஷெஃபீல்டு நகரத்து இளைஞர் நால்வர். குழுவின் பெயர் ஆர்க்டிக் மங்கீஸ். ஷெஃபீல்டு எஃகு நகரம். நம் காஞ்சி பட்டு நகரம் போல. கச்சேரிக்கு வந்தோருக்குத் தம் பாட்டுகளைக் குறுந்தகட்டில் பதிந்து இலவயமாகத் தந்தனர். கேட்டவர்கள் அவற்றை இணையத்தில் பரப்பினர். 2006 சனவரியில் டொமினோ என்னும் தனி நிறுவனத்தின் வழியே முதல் தொகுப்பு வந்தபோது, முதல் வாரத்திலேயே 3,60,000க்கும் மேல் விற்றது. பிரிட்டனில் அதுவரை எந்தக் குழுவின் முதல் தொகுப்பும் அவ்வளவு விரைந்து விற்றதில்லை. அரண்மனை ஆங்கிலத்தில் அல்ல, ஷெஃபீல்டுத் தெருவின் ஆங்கிலத்தில் பாடினார்கள். தொகுப்புக்கு அவர்கள் இட்ட பெயர், ஆலன் சில்லிடோவின் 1958ஆம் ஆண்டு நாவலிலிருந்து எடுத்தது. நாட்டிங்காம் நகரத்து மிதிவண்டித் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவனின் கதை அது. "என்னை என்னவென்று ஊர் சொல்கிறதோ, அது நான் அல்லன்" என்பது அப்பெயரின் கருத்து.

தோழர்களே, சற்று நின்று எண்ணுங்கள். அயோத்திதாசர் சொன்னதும் அதுவன்றோ? ஊர் வைத்த பெயர் எம் பெயரன்று என்றுதானே அவரும் சொன்னார்? ஷெஃபீல்டு இளைஞன் அதைச் சொன்னால் புத்தகக் கடையில் விற்கும் ஒரு கவர்ச்சித் தலைப்பு, பரிசும் கிடைக்கும். சேரித் தமிழன் அதைச் சொன்னால்? வழக்கு வரும், வசை வரும், சில ஊர்களில் அரிவாளே வரும். ஒரே கருத்துதான், ஆனால் அதைச் சொல்லக் கொடுக்கும் விலை ஒன்றல்ல. அந்த விலையை அறியாமல் இத்தொகுப்பை மேல்நாட்டு இசையின் நகல் என்று தள்ளுவோர், காதைத் திறந்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டவர்கள்.

அங்கே தனித்து நிற்பது பெருநிறுவனத்திடமிருந்து. இங்கே எதனிடமிருந்து? தமிழ்நாட்டில் பாட்டு என்றால் திரைப்பாட்டு. மற்றதெல்லாம் ஓரத்துச் சரக்கு. ஒருபுறம் சபா, அங்கே நுழையப் பிறப்பும் பயிற்சியும் வேண்டும். மறுபுறம் திரை, அங்கே நுழையக் கதாநாயகனின் உதடு வேண்டும். கானாவே அப்படித்தான் ஊரறியப்பட்டது. வடசென்னையின் சாவு வீட்டிலும் நினைவு நாள் இரவிலும் பிறந்து வளர்ந்த பாட்டு, 1990களில் தேவாவின் திரையிசை வழியே தமிழகமெங்கும் ஒலித்தது. ஆனால் சாவு வீட்டுத் திண்ணையில் எழுந்த துயரம் திரைக்குள் வந்ததும் பெண்ணைச் சீண்டும் கேலியாயிற்று, குடிகாரனின் குத்தாட்டமாயிற்று. பாட்டை எடுத்துக்கொண்டார்கள், பாடியவன் வாழ்க்கையை வாசலிலேயே விட்டுவிட்டார்கள். 'மகிழ்ச்சி' செய்த முதல் நற்பணி, அவ்வாழ்க்கையை உள்ளே அழைத்து வந்ததே.

அம்முதல் மேடையிலும் முதல் தொகுப்பின் காலத்திலும் ஒலித்த பாட்டுகளின் பொருளைப் பாருங்கள். அம்பேத்கரின் வாழ்வைச் சொல்லும் பாட்டு ஒன்று. வடசென்னையின் பெருமையைச் சொல்லும் பாட்டு ஒன்று. இடஒதுக்கீடு ஏன் என்று விளக்கும் பாட்டு ஒன்று. இடஒதுக்கீடு! பட்டிமன்றத்துக்கு ஆகும், நீதிமன்றத்துக்கு ஆகும், பாட்டுக்கு ஆகுமா? ஆகும் என்று காட்டினார்கள். நம் வகுப்பில் ஒரு முழு மணி நேரம் கரும்பலகையில் எழுதி விளக்கியும் முகம் சுளித்த பிள்ளைகள், நான்கு நிமிடப் பாட்டைக் கேட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினர். ஆசிரியர் என்ற முறையில் நமக்கு அது சற்றுத் தோல்விதான். அந்தத் தோல்வியில் நமக்கு வருத்தமில்லை.

இனி இசையை எடைபோடுவோம். நாம் இசைப்புலவர் அல்லோம். ஆனால் காஞ்சிபுரத்தில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஓர் அளவுகோல் உண்டு. அதன் பெயர் கோர்வை. பட்டுப்புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனியே நெய்து தைப்பதில்லை. மூன்று நாடா ஓடும். நெசவாளி ஒருவர் போதாது, பக்கத்தில் துணைக்கை ஒன்று வேண்டும். ஒவ்வோர் ஊடையிலும் உடலின் இழை கரையின் இழையைத் தழுவிக்கொள்ளும். உடல் கிழிந்தாலும் கரை பிரியாது என்று எங்கள் பிள்ளையார்பாளையத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். தைத்து ஒட்டிய கரையைக் கை தடவினாலே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கானாவும் ராக்கும் இத்தொகுப்பில் கோர்வையா, தையலா? இரண்டும் உண்டு என்பதே நம் முடிவு. கட்டமோளமும் சட்டியும் முன்னே நடக்க, கிடார் பின்னே வந்து அந்த நடையையே பற்றிக்கொள்ளும் இடங்களில் கோர்வை விழுகிறது; எது வடசென்னை, எது மேல்நாடு என்று பிரிக்க இயலவில்லை. பாடுபவன் சிரித்துக்கொண்டே சுடுசொல் சொல்லும்போது தாளமும் உடன் சிரிக்கிறது. அங்கே நாமும் சிரித்தோம். சிரித்த பிறகே குத்தியது தெரிந்தது. ஆனால் டிரம்சும் மின்கிடாரும் முன்னேறி முழங்கி, பறையைப் பின்னணி ஓசையாக்கிவிடும் இடங்களும் உள. பாட்டு பெரிதாகிறது; பறை சிறிதாகிறது. தையல் தெரிகிறது. பத்தொன்பது பேர் கூடிய அவையில் ஒவ்வொருவர்க்கும் பேச வாய்ப்பு வேண்டும் என்ற நல்லெண்ணம் சில பாட்டுகளைப் பொதுக்கூட்டம் போல ஆக்கிவிட்டது. பொதுக்கூட்டம் நமக்குப் பகையன்று. ஆயினும் பாட்டுக்கு வேண்டிய மூச்சுவிடும் இடம் அங்கே குறைகிறது.

இன்னொன்று. தலைவர் பெயரை முழங்கும் இடங்களைவிட, ஒரு சந்தின் பெயரை, ஒரு வேலையின் களைப்பை, ஓர் உணவின் மணத்தைச் சொல்லும் இடங்களே நம்மை அசைத்தன. முழக்கம் ஏற்கெனவே நம்மோடு நிற்பவனை மேலும் நிமிரச் செய்யும். நம்மோடு நில்லாதவனை அருகே இழுப்பதோ வாழ்க்கைச் செய்தி. நம் இயக்க மேடைகளும் இப்பாடத்தை அடிக்கடி மறந்தவையே. ஆகவே குறை சொல்லும் விரல் நம் பக்கமும் திரும்பட்டும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் இங்கே செந்தமிழில் எழுதுகிறோம். எதுகை பார்க்கிறோம், மோனை சேர்க்கிறோம். இந்நடை நமக்கு வந்தது ஒரு போராட்டத்தால். தமிழ் மேடைக்கு ஆகாது, இசைக்கு ஆகாது என்றவர்களிடம், ஆகும் என்று வாதாடி வென்ற தலைமுறையின் கொடை அது. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியபோது, தமிழ் மண்ணில் தமிழில் பாடச் சொல்வதே குறுகிய மனம் என்று எதிர்த்தவர்கள் இருந்தார்கள். அன்று வென்றோம். ஆனால் வென்ற தமிழ் எந்தத் தமிழ்? ஏட்டுத் தமிழ். மெட்ராசுத் தமிழ் அன்றும் வெளியே நின்றது. திரைப்படத்தில் வேலைக்காரனுக்கும் ரவுடிக்கும் கோமாளிக்கும் என ஒதுக்கப்பட்டு நின்றது. 'கொச்சை' என்ற ஒரே சொல்லால் ஒரு மக்கள் கூட்டத்தின் வாயையே அடைத்தோம். அடைத்தவர்களில் தமிழாசிரியர்களும் உண்டு, நாமும் உண்டு. விடைத்தாளில் எத்தனை முறை அச்சொல்லைச் சிவப்பு மையால் சுழித்திருக்கிறோம்! இத்தொகுப்பில் அந்தத் தமிழ் வாதாடுகிறது, வரலாறு சொல்கிறது, சட்டம் பேசுகிறது. கோமாளி வேடம் களைந்து நிற்கிறது. ஷெஃபீல்டு இளைஞனின் தெரு ஆங்கிலத்தை 'மண்ணின் மணம்' என்று மெச்சும் நம் ஆங்கில ஏடு படிப்பவர்கள், இந்தத் தமிழுக்கும் அதே மதிப்பைத் தரட்டும்.

அவ்வாறாயின் குழுவின் பெயர் மட்டும் ஏன் ஆங்கிலத்தில்? அயோத்திதாசர் தமிழில் தந்த பெயரை ஆங்கிலச் சட்டை போட்டு ஏன் அனுப்ப வேண்டும்? உலகம் அறிய என்பார்கள். உலகம் அறியட்டும், அதற்கு முன் நம் ஊர்த் தாய்மார் வாயில் நுழையட்டும். சாதி இல்லை என்ற சொல் யார் காதில் முதலில் விழ வேண்டுமோ, அவர் காதுக்கு அது விளங்கவேண்டாமா? இது சிறு குறை அன்று.

பெருங்குறை வேறொன்று உண்டு. பத்தொன்பது பேரில் பெண் எத்தனை? ஒருவர். இசைவாணி. கானா ஆண்களின் கோட்டையாக இருந்த இடத்தில் குரல் உயர்த்திய அவர், 2020இல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். பெருமைதான். ஆனால் ஒருவர் பெருமை பெறும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய கேள்வி, மற்றவர் எங்கே என்பது. சாதியற்ற கூட்டம் ஆண்களின் கூட்டமாக இருந்துவிடலாமா? சாதியைக் காக்கும் வேலி பெண்ணின் மீதன்றோ போடப்பட்டிருக்கிறது? அந்த வேலியைப் பிடுங்கும் பாட்டில் பெண்குரல் பாதி இருந்தாலன்றிப் பாட்டு பாதியே.

திரையைவிட்டுத் தனித்து நின்றதா இக்குழு என்றும் கேட்கலாம். 'அட்டகத்தி', 'மெட்ராஸ்', 'கபாலி' எடுத்தவரின் புகழ் பின்னே நின்றதால்தான் கூட்டம் திரண்டது என்பார் உளர். 'மகிழ்ச்சி' என்ற சொல்லே 2016இல் 'கபாலி'யால் ஊர்முழுதும் ஒலித்த சொல். மறுக்கவில்லை. ஆனால் திரையில் ஈட்டிய புகழைத் திரைக்கு வெளியே செலவிட்டவர் எத்தனை பேர்? ஏணி திரையுடையதாக இருக்கலாம். ஏறியவர்கள் திரைக்குள் குதிக்காமல் வேறொரு மாடியில் நின்றார்கள். அதன் விளைவு அறுவடையாயிற்று. குழுவின் பாடலாசிரியர்களுள் ஒருவரான அறிவு, ஆஃப்ரோவுடன் சேர்ந்து 2019இல் 'தெருக்குரல்' தொகுப்பைத் தந்தார். அறிவு அரக்கோணத்துப் பிள்ளை. எங்கள் காஞ்சி வழியே செல்லும் இருப்புப்பாதையில் அடுத்த பெரிய ஊர்.

அந்த அறிவுக்கு நேர்ந்ததையும் நினைவூட்டுவோம். 2021இல் 'என்ஜாய் என்ஜாமி' உலகெங்கும் ஒலித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டியின் வாழ்விலிருந்து அவர் எடுத்த சொற்கள் அதில் இருந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் முகப்பில், அப்பாட்டைப் பாடிய தீயின் படம் இருந்தது. எழுதிப் பாடிய அறிவின் படம் இல்லை. கண்டனம் எழுந்தது, பிறகு அவர் படத்தோடு வேறொரு முகப்பு வந்தது. யாருடைய தவறு, எவ்வளவு தவறு என்று நீதி வழங்க நாம் வரவில்லை. பாட்டு உலகை வலம் வரலாம். பாடியவன் பெயர் வாசலில் நின்றுவிடலாம் என்பதற்கு அது சான்று. தறியில் நெய்தவன் பெயர் புடவையில் இல்லை. கடையின் பெயர்தான் இருக்கிறது என்பதை அறிந்த ஊர்க்காரர்க்கு இது புதிதன்று. ஆகவேதான் பத்தொன்பது பேரும் மேடையில் தம் முகத்தோடு நின்றதை நாம் பெரிதாக மதிக்கிறோம்.

இப்போது அந்தத் தந்தையிடம் திரும்புவோம். அவர் கேள்விக்கு விடை சொல்லாமல் இக்கட்டுரைக்கு முடிவில்லை.

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கும்போது, தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு பறையையும் வைக்கிறது. மலைக்கு ஒரு பறை, கடற்கரைக்கு ஒரு பறை, ஏறு தழுவ ஒன்று, நெல்லறுக்க ஒன்று, மணவிழாவுக்கு முழவு. பறைதல் என்றால் சொல்லுதல். ஊருக்கெல்லாம் வாயாக இருந்த கருவி அது. அறுவடைக்கும் மணத்துக்கும் ஒலித்த பறை இறுதியில் பிணத்தின் முன் மட்டும் ஒலிக்க விதிக்கப்பட்டது எப்படி? சாதி நுழைந்து அடிப்பவன் கையைக் கட்டியது. கட்டிய கையால் அடிப்பதே பிறவிக் கடமை என்றது.

தோல் தீட்டு என்கிறார்கள். மிருதங்கத்தில் இருப்பது என்ன, பட்டா? மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் எருமைத் தோலும் சேர்ந்தே மிருதங்கத்தின் நாதம். அத்தோலைப் பதப்படுத்தித் தரும் தலித் கைவினைஞர்களின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் நூலாக எழுதினார். தோல் சபாவுக்குள் போகலாம். தோல் தந்தவன் போகலாகாது. ஆக, இழிவு தோலில் இல்லை. அப்படியானால் எதில் இருக்கிறது?

'மகிழ்ச்சி'யை அன்றிரவு கேட்டபோது நமக்குப் புலப்பட்டது இது: அந்த மேடையில் பறை அடித்த இளைஞன் அடிக்காமலும் இருக்கலாம். அவன் மறுத்தால் யாரும் அவன் வீட்டுக் கூரையைக் கொளுத்தமாட்டார்கள், கூலியை நிறுத்தமாட்டார்கள், குடிநீரை அடைக்கமாட்டார்கள். மறுக்கும் உரிமை உள்ளவன் அடித்தால் அது கலை. மறுக்க இயலாதவன் அடித்தால் அது ஊழியம். குச்சி அதே குச்சிதான், தோல் அதே தோல்தான். இடையே நிற்பது 'மாட்டேன்' என்ற ஒரு சொல். அச்சொல்லை ஊர் ஊராகச் சொல்லி அடி வாங்கியவர்கள் அந்தத் தந்தையின் தலைமுறையினர். அவர்கள் பறையைக் கீழே போட்டதால்தான் பிள்ளைகள் அதை விரும்பி எடுக்க முடிந்தது. எனவே பறையை மறுத்தவரும் பறையை எடுத்தவரும் பகைவர் அல்லர். ஒரு விடுதலையின் முன்கையும் பின்கையும் அவர்கள். இத்தொகுப்பில் கொண்டாட்டம் நிறைய இருக்கிறது. 'மாட்டேன்' என்று சொன்ன அந்த முன்னோர்க்கு இன்னும் ஒரு பாட்டு கூடுதலாக இருந்திருக்கலாம் என்பதே நம் கடைசிக் குறை.

இதை அவரிடமே போய்ச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "சரிங்க சார். உங்க இஸ்கூல்ல எல்லாத் தெருப் புள்ளைங்களும் படிக்குதில்ல? எல்லாரும் அடிக்கட்டும். அவங்களோட சேந்து எம் புள்ளையும் அடிப்பான். அவன மட்டும் கூப்புட்டீங்கன்னா, அது கலையில்ல சார். அதே பழைய வேலைதான்."

நாம் இரவெல்லாம் எண்ணிக் கண்டதைவிட ஆழமாக அவர் ஒரு நொடியில் கண்டுவிட்டார். மறுக்கும் உரிமை மட்டும் போதாது. எடுக்கும் கடமையும் எல்லோர்க்கும் பொதுவாக வேண்டும்.

பத்துப் பெயர் சேர்க்கப் புறப்பட்டோம். காஞ்சியில் யார் பாடலாம் என்பது பழைய சண்டை. வரதராசர் கோயிலில் முன்னின்று பாடும் உரிமை வடகலைக்கா தென்கலைக்கா என்று ஆங்கிலேயர் காலந்தொட்டு வழக்கு நடந்த ஊர் இது. அத்தகைய ஊரில் யார் அடிக்கலாம் என்ற கேள்வியோடு வீடு வீடாகப் போனோம். "பரீட்சை இருக்கே, சார்" என்றார் ஒருவர். "அடுத்த வருடம் பார்ப்போம்" என்றார் இன்னொருவர். "எங்களுக்கு ஒன்றுமில்லை, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ" என்றார் மூன்றாமவர். கிடைத்த பெயர் இரண்டு. அறைச் சிரிப்பைவிட இந்த மரியாதையான மறுப்பு கனத்தது.

பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டைப் பார்க்க வேண்டாமா? பறை ஒன்று வாங்கி வந்தோம். "வீட்டுக்குள்ள கொண்டு வராதேடா" என்றார் அம்மா; தறிமேடையில் அமர்ந்து அம்பேத்கர் படத்துக்குப் பூ வைக்கும் அதே அம்மா. மூன்று நாள் அது திண்ணையில் கிடந்தது. நான்காம் நாள் மழை வந்தது. நாம் வீடு திரும்பியபோது பறை உள்ளே, தறிக்கு மேலே ஆணியில் தொங்கியது. மாட்டியது யார் என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆண்டுவிழா பறையின்றியே நடந்து முடிந்தது. ஆனால் ஞாயிறு மாலைகளில் நால்வர் கூடுகிறோம்: அந்த மாணவன், பெயர் தந்த இருவர், நாம். தோலைத் தீயில் காய்ச்சுவதும், சுண்டுக்குச்சியை எந்த விரலில் பிடிப்பதும் நமக்குச் சொல்லித் தருபவர் அந்தத் தந்தையே. அவர் ஆசிரியர், நாம் மாணவர். நம் கைக்குத் தாளம் இன்னும் வசப்படவில்லை. "அவசரப்படாதீங்க சார்" என்கிறார்.

இளைஞர்களே, 'மகிழ்ச்சி'யைக் கேளுங்கள். குறையோடு கேளுங்கள், குறையைச் சொல்லியும் கேளுங்கள். காதணிக் கருவியை மாட்டிக்கொண்டு தலையாட்டி முடித்தால், ஷெஃபீல்டுப் பாட்டுக்கும் இதற்கும் வேறுபாடில்லை. பாட்டு முடிந்த பின் உங்கள் வீட்டில் ஓர் ஆணி அடியுங்கள். அதில் பறையை மாட்ட உங்கள் வீடு இடம் தருகிறதா என்று பாருங்கள். மகிழ்ச்சி யாருக்கு என்பது அப்போது தெரியும்.